ஃப்ளை கண்ணின் மேல் வைக்கும் அந்த ஒரு துளி ரெசின்

இந்தக் குளிர்காலத்திலும் அதே விரல்கள்தான். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் நுனிகளில் தோல் தடித்துக் காய்ந்து, குறுக்கே வெடித்து, வெடிப்பில் ரத்தம் கசிகிறது. ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் மீன்பிடிப் பருவம் அக்டோபர் 15 அன்று முடிந்தால், மறுபடி தொடங்குவது ஜனவரி 15 அன்றுதான். அந்த மூன்று மாதமும் தூண்டில்காரர்கள் வீட்டில் உட்கார்ந்து ஃப்ளை கட்டுகிறார்கள். பிறகு தோல் டாக்டரான என்னிடம் வருகிறார்கள்.

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சி போலவோ குட்டி மீன் போலவோ செய்யும் இரைதான் ஃப்ளை. பழைய சால்மன் ஃப்ளைகளுக்கு நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்கோழியின் கழுத்திறகே கண். மெழுகு போல மின்னும் பொட்டு அதில் இயற்கையாகவே உண்டு. அந்த இறகு இன்று எளிதில் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். அதனால் பலர் பெயின்ட்டில் கண் வைக்கிறார்கள். ஆணித்தலையை மஞ்சளில் தொட்டு ஒரு பொட்டு. காய்ந்ததும் குண்டூசித் தலையால் நடுவில் கறுப்பு. இதுவரை எனக்குப் பெரிய கவலை இல்லை.

அதற்கு மேல் பளபளப்புக்காக ஒரு துளி யு.வி. ரெசின், அதாவது புற ஊதா ஒளி பட்டால் இறுகும் பசை, விட்டு, புற ஊதா டார்ச் அடித்து, இறுகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்கிறார்களே, வினை அங்கேதான். டார்ச் அடித்த பிறகும் மேலே பிசுபிசுப்பாக ஒரு படலம் மிஞ்சும். அது இறுகாத அக்ரிலேட், அலர்ஜி தரும் ரெசினின் மூலப்பொருள். அதே விரலால் கண்ணைத் தேய்த்தால் இமையும் சிவந்து வீங்கும்.

"வருஷக்கணக்காக இதைத்தான் தொடுகிறேன் டாக்டர், இப்போது மட்டும் எப்படி அலர்ஜி வரும்?" இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. வருஷக்கணக்காகத் தொட்டதால்தான் வந்தது! பழகப் பழகத் தோல் தாங்கிக்கொள்ளும் என்பது தவறு. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லை என்பது இனியும் ஆகாது என்பதற்கு உத்தரவாதமல்ல. பல வருடம் சிமென்ட் குழைத்த கொத்தனாருக்கு ஒருநாள் கை வெடிக்கத் தொடங்குவதும் இப்படித்தான். உடல் ஒருமுறை அந்தப் பொருளை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் அநேகமாக ஆயுள் முழுக்க மறக்காது. "வாடையே இல்லையே" என்பதும் சமாதானமாகாது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2012-இல் 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்ததே அக்ரிலேட்டைத்தான். ஜெல் நகப்பூச்சில் இருப்பதும் இதே குடும்பம். வீட்டிலேயே புற ஊதா விளக்கு வாங்கி அதைப் போட்டுக்கொள்ளும் பெண்களும் கவனிக்க வேண்டும்.

இந்த அலர்ஜி ஃப்ளையோடு முடிவதில்லை. பல் அடைக்கும் கலவை, மூட்டு மாற்றும்போது வைக்கும் எலும்பு சிமென்ட், சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரின் பசை எல்லாவற்றிலும் இதே குடும்பத்துப் பொருட்கள் வரலாம்.

பெயின்ட் முழுக்கக் காயட்டும். ரெசினை மெல்லிசாக விடுங்கள். தடிமனாக விட்டால் அடியில் இறுகாது. விரலால் தொடாதீர்கள், ஊசியால் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பைக் கையுறையோடு, ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். மெல்லிய நைட்ரைல் கையுறையை அக்ரிலேட் சில நிமிடங்களிலேயே ஊடுருவும், பட்டதும் கழற்றி எறியுங்கள். லேடெக்ஸ் கையுறை வேண்டவே வேண்டாம். விரலில் பட்டால் அசிட்டோன் ஊற்றித் தேய்க்காதீர்கள், சோப்பும் தண்ணீரும் போதும். டார்ச்சை நேராகப் பார்க்காதீர்கள். ஒட்டும் கண்கள் கடையில் கிடைக்கின்றன, தயவுசெய்து அவற்றையும் யோசியுங்கள்.

விரல் ஏற்கெனவே வெடித்திருந்தால், ஸ்டீராய்டு களிம்பைப் பூசிக்கொண்டு கட்டுவதைத் தொடராதீர்கள். உடனே நிறுத்திவிட்டு வாருங்கள். எது ஒவ்வவில்லை என்று கண்டுபிடிக்க, சந்தேகப் பொருட்களை முதுகில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்து, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்போம். வரும்போது ரெசின் பாட்டிலை லேபிளோடு கொண்டு வாருங்கள். 'ஏதோ ஒரு பசை' என்று சொன்னால் எதை ஒட்டிப் பார்ப்பது?