வறுத்த உப்பு ஒத்தடம் என்ன செய்கிறது?

மாதவிலக்கு வலியில் சுருண்டு படுத்திருக்கும் பேத்திக்கு, கல்லுப்பை வாணலியில் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடிவயிற்றில் ஒற்றி எடுப்பார்கள் பாட்டிமார். இப்போது அந்த இடத்துக்கு ரப்பர் வெந்நீர்ப் பை வந்துவிட்டது. இதெல்லாம் மனசுக்கு இதம், அவ்வளவுதான் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 39 டிகிரி செல்சியஸ் சூடு தரும் பட்டையை வயிற்றில் கட்டிக்கொண்ட பெண்களுக்கும், 400 மில்லிகிராம் இபுபுரூஃபென் என்ற வலி மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது.

எப்படி? முதலில் வலி எங்கே பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதவிலக்குக்கு முன் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவு சட்டென்று இறங்கும். உடனே கருப்பையின் உள்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும். (1930-களில் ஸ்வீடன் விஞ்ஞானி உல்ஃப் வான் ஆய்லர் இதை விந்தில் கண்டு, புரோஸ்டேட் சுரப்பியிலிருந்து வருவதாக நினைத்து வைத்த பெயர் இது. பெண்ணின் வலிக்கு, பெண்ணிடம் இல்லாத ஓர் உறுப்பின் பெயர்!) அது கருப்பைத் தசையை ஈரத்துணி பிழிவதுபோல முறுக்குகிறது. முறுக்கும்போது இரத்தக் குழாய்களும் நசுங்கி, தசைக்கு ஆக்சிஜன் போதாமல் போகிறது. அந்தத் தவிப்புதான் வலி. மாரடைப்புக்கு முன் வரும் நெஞ்சுவலியிலும் இதயத் தசைக்கு நடப்பது கிட்டத்தட்ட இதுதான். கருப்பையின் நரம்புகள் தண்டுவடத்தில் சேரும் இடத்திலேயே இடுப்பு, முதுகுத் தோலின் நரம்புகளும் சேர்வதால், "இடுப்பே கழன்று விழுகிற மாதிரி" இருக்கிறது.

சூடு இரண்டு வேலை செய்கிறது. தசையைத் தளர்த்தி இரத்த ஓட்டத்தைக் கூட்டுவது ஒன்று. மற்றொன்று தண்டுவடத்தில் நடக்கிறது. முழங்காலை இடித்துக்கொண்டால் கை தானாகப் போய்த் தேய்க்கிறதல்லவா? தேய்க்கும் உணர்வு முந்திக்கொண்டு போய் வலியின் வழியை அடைக்கிறது. 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்ற இரண்டு விஞ்ஞானிகள் சொன்ன 'வாசல்' கோட்பாடு இதுதான். வெதுவெதுப்பும் அதே வாசலில் நிற்கிறது.

அதற்காகப் பையில் வெந்நீரைக் கொதிக்கக் கொதிக்க ஊற்ற வேண்டாம். சுமார் 43 டிகிரியைத் தாண்டினால் தோல் நரம்புகள் சூட்டை எரிச்சலாகச் சொல்ல ஆரம்பிக்கும். பச்சைமிளகாயின் காரம் தட்டி எழுப்புவதும் அந்த நரம்புகளில் சூட்டை உணரும் அதே உணர்வியைத்தான். பையில் முக்கால் அளவு நிரப்பி, காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, துண்டில் சுற்றி, முன்கையில் வைத்துப் பார்த்தபின் வயிற்றில் வைக்கவும். நாள் கணக்கில் வைத்துக்கொண்டே இருந்தால் தோலில் வலைபோலக் கருமை படியும்.

மாத்திரையில் நாம் செய்யும் தவறு, "கொஞ்சம் பொறுத்துப் பார்க்கலாம்" என்பது. மெஃபனமிக் அமிலம், இபுபுரூஃபென் போன்றவை முக்கியமாக, புரோஸ்டாகிளாண்டின் புதிதாக உருவாவதைத்தான் தடுக்கும். ஏற்கெனவே சுரந்ததைப் பெரிதாக ஒன்றும் செய்யாது. வலி தலைதூக்கும்போதே, சாப்பிட்டபின் போட்டால்தான் நல்ல பலன். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பமாக இருக்க வாய்ப்புள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

மாதவிலக்கு முடிந்தும் இடுப்புக்கு அடியில் இறுக்கமும் வலியும் நீடித்தால், இடுப்புத்தளத் தசைகளையும் சந்தேகிக்க வேண்டும். இடுப்பின் முன்னெலும்பிலிருந்து வால் எலும்புவரை தூளிபோலத் தொங்குபவை இவை. அடிக்கடி வலித்தால் இவை தற்காப்பாக இறுகிக்கொள்ளும். அப்புறம் அந்த இறுக்கமே தனி வலியாகிவிடும். யாரோ சொன்னார்கள் என்று இந்த நிலையில், இந்தத் தசைகளை இறுக்கி இறுக்கி விடும் கெகல் பயிற்சி செய்வது, முறுக்கிய கயிற்றை மேலும் முறுக்குவதுதான். வேண்டியது தளர்வு. மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, விலா விரிய மெதுவாக மூச்சை இழுங்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவிலுள்ள உதரவிதானம் இறங்கும்போது இந்தத் தூளியும் கூடவே இறங்கி நெகிழும். மூச்சை விடும்போது எதையும் இறுக்காமல், அது தானாக மேலேற விடுங்கள்.

இவ்வளவும் வீட்டோடு. மாதாமாதம் வலி கூடிக்கொண்டே போனாலோ, உறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலித்தாலோ, கருப்பையின் உள்சுவர் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோயாக இருக்கலாம். பத்துப் பெண்களில் சுமார் ஒருவருக்கு அது உண்டு. "ஒரு பிள்ளை பெற்றால் சரியாகிவிடும்" என்று சொல்லிச் சொல்லியே பல வருஷம் ஓடிவிடுகிறது. காய்ச்சலோடு வலி, நாள் தள்ளிப்போய் ஒரு பக்கமாகத் திடீர் வலி, மயக்கம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றபடி, வலித்த நாள், இடம், போட்ட மாத்திரை ஆகியவற்றைக் காலண்டரில் மூன்று மாதம் குறித்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.