மே மாதத்துக்குத் தள்ளிவைத்த மகிழ்ச்சி

சேலத்தில் உளவியல் ஆலோசகராகப் பணியாற்றிவரும் இந்தப் பதினேழு ஆண்டுகளில், ‘எங்கள் வீட்டில் பிரச்சினை என்று சொல்ல எதுவும் இல்லை, ஆனாலும் யாரும் சிரிப்பதில்லை’ என்ற குறையோடு வரும் குடும்பங்களைப் பலமுறை சந்தித்திருக்கிறேன். கடனோ குடியோ சண்டையோ இருக்கும் வீட்டில் பேச்சை எங்கே தொடங்குவது என்பது எனக்கும் தெரியும், வந்தவர்களுக்கும் தெரியும். எதுவுமே இல்லாத வீட்டில்தான் தொடங்குமிடம் பிடிபடுவதில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் மனைவியோடு வந்திருந்தார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன். காலை எட்டு மணிக்குப் பட்டறைக்குப் போனால் இரவு ஒன்பதரைக்கு வீடு திரும்புபவர். ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கவே சரியாகிவிடும். இதற்கெல்லாம் ஈடாக, ஆண்டுதோறும் மே மாதத்தில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஐந்து நாள் வெளிமாநிலச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வதைக் கடமையாகவே வைத்திருந்தார். ‘ஊருக்கு வந்த நாலாம் நாள் பார்த்தா, போகாத மாதிரியே இருக்குதுங்க மேடம்’ என்றார். அதுவரை பேசாமல் இருந்த அவருடைய மனைவி, ‘போறதுக்கு முந்தின மாசம்தாங்க வீடு கலகலன்னு இருந்துச்சு’ என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் சொன்னதற்கு ஆய்வுச் சான்று உண்டு. நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்தப்பட்டு 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், சுற்றுலா செல்பவர்கள் மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது புறப்படுவதற்கு முன்புதான் என்றும், மிகவும் ஓய்வாக உணர்ந்து திரும்பிய சிலரைத் தவிர ஏனையோர் ஊர் திரும்பியபின் சுற்றுலா போகாதவர்களின் நிலைக்கே வந்துவிட்டார்கள் என்றும் தெரியவந்தது. எதிர்பார்ப்புதான் பெரிய பங்கைத் தருகிறது என்றால், ஆண்டுக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்பு எப்படிப் போதும்? மகிழ்ச்சியைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த எட் டீனரும் அவருடைய சகாக்களும் 1991-லேயே இதைத் தொட்டு எழுதினார்கள்: ஒருவருடைய மகிழ்ச்சியை முடிவு செய்வது இன்ப உணர்வு எவ்வளவு ஆழமாக வருகிறது என்பதைவிட எத்தனை முறை வருகிறது என்பதுதான். புது வீடு, புது வண்டி, ஐந்து நாள் சுற்றுலா என்று பெரிதாக வரும் எதற்கும் மனம் நாளடைவில் பழகிவிடுகிறது. பழகிவிடும் இதே தன்மைதான் துயரத்திலிருந்தும் நம்மை மீட்கிறது என்பதால் அதைக் குறை சொல்லவும் முடியாது.

அவர்களிடம் நான் கேட்டது ஒரு நாற்பது பக்க நோட்டு மட்டுமே. வீட்டில் நால்வரும் அன்றன்று மனத்துக்கு இதமாக இருந்த ஒன்றை ஒரே வரியில் எழுத வேண்டும்; அது செலவு செய்து வாங்கியதாகவும் இருக்கலாம். முதல் வாரம் பட்டறைக்காரர் மூன்று நாள்களை வெற்றாக விட்டிருந்தார். நான்காம் நாள், சேலத்தில் முதல் அக்ரகாரம் என்னும் தெருப் பக்கம் தள்ளுவண்டியில் நின்று தட்டுவடை செட் சாப்பிட்டதை எழுதியிருந்தார். இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் சட்னியும் வைத்துத் தரும் இந்தப் பண்டம் எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதிதல்ல. அவர் வாரத்தில் நான்கு நாள் அதைப் பார்சல் வாங்கி, கணக்குப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டுக்கொள்பவர். அன்று பார்சல் கட்டக் காகிதம் இல்லாமல் போனதால் நின்று தின்றிருக்கிறார். வாயில் நொறுங்கும் சத்தம் கேட்டதாக எழுதியிருந்தார். நான் அவரிடம், வாரத்துக்கு ஒருமுறை மட்டும், அதுவும் மகளை அழைத்துக்கொண்டு போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். ஒரு வாரம் சாக்லேட்டை விட்டு இருந்தவர்கள் மறுபடி அதைச் சாப்பிட்டபோது மற்றவர்களைவிடக் கூடுதலாக ரசித்தார்கள் என்று 2013-இல் வெளியான ஓர் ஆய்வு சொல்கிறது. நம் பெரியவர்கள் விரதத்துக்கு வேறு காரணம் சொன்னாலும், மறுநாள் சாப்பாட்டின் ருசியை அவர்களும் அறிந்தே இருந்திருப்பார்கள்.

இரண்டாவதாக அவர்கள் செய்தது ஒரு சிறு பயணம். சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டரில் ஏற்காடு இருந்தும், நான்கு ஆண்டுகளாக அங்கே அவர்கள் போகவில்லை. ‘அது நம்ம ஊர்தானே’ என்ற எண்ணம்தான் காரணம். மூன்று நிபந்தனைகள் வைத்தேன். காரை எடுக்காமல் அரசுப் பேருந்தில் போக வேண்டும், எங்கே இறங்குவது என்பதைப் பதினொரு வயது மகள் முடிவு செய்ய வேண்டும், மதியச் சாப்பாட்டை யாரும் வீட்டில் சமைத்து எடுத்துவரக் கூடாது.

மூன்றாவது நிபந்தனையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் குடும்பச் சுற்றுலா என்றால், அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து புளிசாதம் கிளறி, தயிர்சாதத்தைத் தாளித்து, எல்லோருடைய துணியையும் எடுத்துவைத்து, போன இடத்தில் பரிமாறி, திரும்பி வந்து பாத்திரம் கழுவும் ஒருவர் இருக்கிறார். குடும்பமாக வெளியே போவதன் நன்மைகளைப் பற்றி நானும் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அந்த நன்மை யாருடைய உழைப்பின்மேல் நிற்கிறது என்பதை, ஒரு தாய் ‘எனக்கு மட்டும் லீவு நாள்ல ரெண்டு வேலைங்க’ என்று சொன்ன பிறகே யோசித்தேன். சின்னச் சின்ன சந்தோஷங்களைப் போற்றச் சொல்லி வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் வந்து விழும் பூப்படங்கள்மீது எனக்குள்ள எரிச்சலுக்கும் இதுவே காரணம்: களைத்துப் போனவரிடம் ரசிக்கச் சொல்வதற்கு முன்னால் அவருடைய சுமையில் பாதியை இறக்கிவைக்க வேண்டும்.

மார்ச் இறுதியில், முதல் மழைக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மலைச்சாலையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மகள் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறாள். சேலம் ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு 1,500 மீட்டருக்குச் சற்று மேலும் இருப்பதால், ஏறும்போது காது அடைப்பதும், மேலே போனபின் வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்து தெரிவதும் இயல்பு. யாருக்கு முதலில் காது அடைக்கிறது என்பதே பேருந்தில் அவர்களுடைய போட்டியாகிவிட்டது. ஏரிக்குப் பல நிறுத்தங்கள் முன்பே, ஒரு காப்பித் தோட்டத்துப் பக்கம் மகள் எல்லோரையும் இறக்கிவிட்டாள். கோடை மழைக்குப் பின் சில நாள்களே நிற்கும் காப்பிப்பூ அப்போது மல்லிகைபோல மணந்துகொண்டிருந்தது. 1820-ஆம் ஆண்டுவாக்கில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்து நட்ட செடி அது என்று தேநீர்க் கடைக்காரர் சொன்னதை, ஏழாவது படிக்கும் மகன் அன்றிரவு நோட்டில் எழுதியிருக்கிறான். புகைப்படம் எடுக்க மறந்துவிட்டதையும் ஒரு குறையாக எழுதியிருந்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் உண்டு, மழைக்குப் பின் கிளியூர் அருவிப் பாதை வழுக்கும். பிள்ளை வழிகாட்டலாம், பாதுகாப்பைப் பெரியவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழி எல்லோருக்கும் பொருந்தாது. முன்பு பிடித்தவை எதிலும் நாட்டம் இல்லாமல், தூக்கமும் பசியும் மாறி, இரண்டு வாரங்களுக்கு மேல் அப்படியே நீடித்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அப்படிப்பட்டவரை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய் ‘பார், எவ்வளவு அழகு’ என்று காட்டினால், ரசிக்க முடியவில்லையே என்ற குற்ற உணர்வுதான் கூடும். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். டெலி மானஸ் என்னும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம். சிகிச்சையிலும் சிறு செயல்களுக்கு இடம் உண்டு. இன்பம் தரும் செயல்கள் குறையக் குறைய மனம் சோர்கிறது, சோர்ந்த மனம் செயல்களை மேலும் குறைக்கிறது என்பதை 1970-களில் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் விளக்கினார். ‘பிஹேவியரல் ஆக்டிவேஷன்’ எனப்படும் சிகிச்சைமுறை அந்தச் சுழலை உடைக்கவே முயல்கிறது. மனம் வரட்டும், பிறகு செய்கிறேன் என்று காத்திருப்பவரிடம், பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள், மனம் பின்னால் வரும் என்று சொல்கிறோம். ஆனால் அதை அளந்து, படிப்படியாக, பயிற்சி பெற்றவரின் துணையோடு செய்ய வேண்டும்.

பட்டறைக்காரர் இப்போது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறார். ஞாயிற்றுக்கிழமைக் கணக்கைச் சனிக்கிழமை இரவுக்கு மாற்றிக்கொண்டார். மே மாதச் சுற்றுலாவையும் விடவில்லை, விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. நோட்டு மகளின் பொறுப்பில் இருக்கிறது. கண்ணங்குறிச்சியில் மூக்கனேரிக் கரைக்குப் பறவை பார்க்கப் போன நாளுக்கான பக்கத்தில், நீர்க்காகம் பதினாறு, கொக்கு ஏழு என்று கணக்கு எழுதி, அதற்குக் கீழே அவள் குறித்திருப்பது இது: ‘அப்பா எண்ணியது தப்பு. அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.’