புரோலிட்டேரியட் என்னும் பாட்டாளி வர்க்கம்

‘புரோலிட்டேரியட்’ என்பதை நாம் ‘பாட்டாளி வர்க்கம்’ என்று வழங்குகிறோம். ஏழைகள் அனைவரையும் குறிக்கும் சொல்லாக இதைப் பலர் கையாளுகிறார்கள். மார்க்ஸின் தோழரான எங்கெல்ஸ் 1888-இல் தந்த வரையறை அதைவிடக் குறுகியது: உற்பத்திக் கருவிகள் எவையும் தமக்கென இல்லாமல், பிழைப்பதற்காக உழைப்புச் சக்தியை விற்றாக வேண்டிய நவீனக் கூலித் தொழிலாளர்கள். ஆனால் இந்தச் சொல் ஆலைகள் தோன்றுவதற்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது.

அதன் தாய்மொழி இலத்தீன். ‘புரோலெஸ்’ என்றால் பிள்ளைகள், சந்ததி. பழைய ரோமில் குடிமக்களைச் சொத்தின் அளவுக்கேற்பத் தரம்பிரித்தார்கள். செர்வியுஸ் துல்லியுஸ் என்ற மன்னர் அதை வகுத்ததாக ரோமானியர் நம்பினர். ஆயிரத்து ஐந்நூறு செம்புக் காசுக்கு மேல் சொத்தில்லாதவர்களை அவர் ‘புரோலெத்தாரி’ என்று அழைத்ததாக ரோமானிய அரசியலாளர் சிசரோ எழுதுகிறார். அவர்களிடமிருந்து அரசு எதிர்பார்த்தது பிள்ளைகளை மட்டுமே என்பது சிசரோ தரும் விளக்கம். வாக்களிப்பதற்கென மக்கள் 193 பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தனர். எண்ணிக்கையில் பெருந்திரளான இந்த ஏழைகளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு பிரிவு. ஆகவே ஏழ்மையோடு, அரசின் கணக்கில் செல்லாத ஆள் என்ற பொருளும் தொடக்கத்திலேயே இச்சொல்லில் ஏறிவிட்டது.

பிறகு அது வழக்கொழிந்தது. ரோமின் மிகப் பழைய எழுத்துச் சட்டமான பன்னிரு பலகைச் சட்டத்தில் வரும் இச்சொல்லின் பொருளை ஒரு சட்ட அறிஞரிடம் கேட்டபோது, அவர் விளக்க மறுத்துவிட்டதாக இரண்டாம் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் ஆலுஸ் கெல்லியுஸ் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பிய மொழிகளுக்குள் பின்னர் அது வசையாகவே நுழைந்தது. 1755-இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் ஆங்கில அகராதி ‘இழிந்த, கேடுகெட்ட’ என்ற வகையில்தான் அதற்குப் பொருள் தருகிறது.

இந்த வசை பெருமைக்குரிய பெயராக மாறியது பிரான்ஸில். 1831 நவம்பரில் லியோன் நகரப் பட்டு நெசவாளர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தாங்கள் நெய்யும் துணிக்குக் குறைந்தபட்சக் கூலி வேண்டும் என்று கேட்டு, அக்டோபரில் ஓர் உடன்பாட்டையும் பெற்றிருந்தார்கள். நூல் கொடுத்துத் துணி வாங்கும் வணிகர்கள் பலர் அதை மதிக்கவில்லை. ‘உழைத்து வாழ்வோம், இல்லையேல் போரிட்டுச் சாவோம்’ என்ற முழக்கத்தோடு நெசவாளர்கள் சில நாட்கள் நகரத்தையே தம் கையில் வைத்திருந்தனர். டிசம்பரில் பெரும்படை வந்து நகரத்தை மீட்டது. கூலி உடன்பாடு ரத்தானது. அந்த வாரமே பாரிஸ் நாளிதழ் ஒன்றில் சேன் மார்க் ஜிரார்தேன் எழுதினார்: சமூகத்தை அச்சுறுத்தும் காட்டுமிராண்டிகள் காக்கசஸ் மலையிலோ தார்த்தாரியின் புல்வெளியிலோ இல்லை, நம் ஆலை நகரங்களின் புறநகர்களில் இருக்கிறார்கள் என்று. உழைத்துத் தேய்ந்த மக்களைப் பற்றிப் படித்த மனிதர் ஒருவர் எழுதிய வரி இது. இன்று படித்தாலும் கோபம் வருகிறது.

அடுத்த மாதமே அதற்கு ஒரு பதில் கிடைத்தது. 1832 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட புரட்சியாளர் ஒகுஸ்த் பிளாங்கியிடம், உம் தொழில் என்ன என்று நீதிபதி கேட்டார். ‘புரோலிட்டேரியன்’ என்றார் அந்த 26 வயது இளைஞர். அது ஒரு தொழிலே அல்ல என்றார் நீதிபதி. தம் உழைப்பால் வாழ்ந்தும் அரசியல் உரிமை மறுக்கப்பட்ட மூன்று கோடி பிரெஞ்சு மக்களின் தொழில் அதுதான் என்று பிளாங்கி மறுமொழி தந்தார். இது மிகைப்பேச்சு அல்ல. 200 பிராங்க் நேரடி வரி செலுத்துவோருக்கே வாக்கு என்பது அன்றைய பொது விதி. மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்களில் வாக்காளர்கள் இரண்டு லட்சத்துக்கும் குறைவு. ரோமின் 193-இல் ஒன்று என்ற கணக்கு வேறு உருவில் திரும்பியிருந்தது. மார்க்ஸ் 1844-இல் இச்சொல்லைத் தம் சிந்தனையின் நடுவே வைத்தார். 1848-இல் வந்த கம்யூனிஸ்ட் அறிக்கை அதை உலகெங்கும் கொண்டு சென்றது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். லியோனில் பட்டறை நடத்திய நெசவாளர்கள் பலருக்குத் தறி சொந்தம். பட்டு நூலும் விலையும்தான் வணிகர் கையில். எங்கெல்ஸின் வரையறைப்படி அவர்கள் முழுப் பாட்டாளிகள் அல்லர். ஆயினும் இச்சொல்லுக்கு உயிரூட்டிய கிளர்ச்சி அவர்களுடையது. வரையறையை இறுக்கிப் பிடித்து, நீ பாட்டாளி அல்ல என்று ஒருவரை வெளியே தள்ளுவோர் இதை மறக்கக் கூடாது.

இனித் தமிழுக்கு வருவோம். பாடு என்பது வேற்றுமை ஏற்கும்போது நாட்டு, வீட்டு என்பவற்றைப் போலப் பாட்டு என்றாகும்; அதனுடன் ஆளி சேர்ந்து பாட்டாளி. பாடு என்றால் உழைப்பு: பாடுபடுகிறோம். பாடு என்றால் துன்பமும்கூட: பட்ட பாடு. வயிற்றுப்பாடு என்னும்போது பிழைப்பே பாடாகிறது. மூன்றும் ஒரே சொல்லில் நிற்பது எனக்குப் பெரிய வியப்பு. ஆளி என்ற ஈறு, உடையவர் என்பதைக் காட்டும்: கடனாளி, நோயாளி. முதலாளி, முதல் (மூலதனம்) உடையவர். பாட்டாளியின் உடைமை பாடு மட்டுமே. பிள்ளைகளைத் தவிர வேறொன்றும் இல்லாதவர் என்ற இலத்தீன் பொருளுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் கிடைப்பது அரிது.

‘தொழிலாளி’ பொதுச்சொல். நல்ல சம்பளமும் சொந்த வீடும் உள்ளவரும் தொழிலாளிதான். ‘உழைப்பாளி’ அதைவிட விரிந்தது. சொந்த நிலத்தில் உழுபவரும் அதில் அடங்குவார். எனவே இவ்விரண்டையும் புரோலிட்டேரியனுக்கு நேராக வைப்பது பொருந்தாது. ரோமைப் பற்றி எழுதும்போது மட்டும் ‘உடைமையற்றோர்’ என்பது தெளிவு தரும்.

வர்க்கம் வடசொல் என்பதால் ‘பாட்டாளி வகுப்பு’ என எழுதுவோர் உண்டு. அவர்கள் நோக்கத்தை மதிக்கிறேன். ஆனால் வகுப்புவாரி உரிமை, வகுப்புவாதம் என்று தமிழகத்தில் அச்சொல் சாதியையும் மதத்தையும் குறித்து நிலைத்துவிட்டது. பொருளாதார நிலையைச் சொல்லும் இடத்தில் அது குழப்பும். வர்க்கம் இருக்கட்டும். நிலையான வேலையின்றி அலைவோரைக் குறிக்கும் ‘லும்பன் புரோலிட்டேரியட்’ என்பதற்கு வழங்கும் ‘உதிரிப் பாட்டாளி வர்க்கம்’ மிக நல்ல ஆக்கம். லும்பன் என்ற ஜெர்மன் சொல்லில் கந்தலின் இழிவு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உதிரி என்பதில் அந்த இழிவு இல்லை. நிலையான வேலையிலிருந்து உதிர்ந்தவர்கள் என்ற உண்மை மட்டுமே இருக்கிறது.