பெரிகார்ப்: கனிச்சுவர்

கிரேக்கத்தில் 'பெரி' என்றால் சுற்றி, 'கார்ப்போஸ்' என்றால் கனி. கருவுற்றபின் பூவின் சூலகச் சுவர் வளர்ந்து, மாறி, விதையைச் சூழ்ந்து நிற்குமே, அதுதான் பெரிகார்ப். தமிழில் இதைக் கனித்தோல், கனியுறை என்றெல்லாம் எழுதுகிறார்கள். கனித்தோல் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. தோல் என்றதும் உரித்து வீசுவதுதான் மனத்தில் வரும். பெரிகார்ப்பிலோ நாம் தின்னும் சதையும் அடக்கம். சூலகச் சுவரின் தொடர்ச்சி என்பதால் கனிச்சுவர் என்பதே பொருந்தும்.

கிருஷ்ணகிரி பெங்களூரா மாங்காய் ஒன்றை நறுக்கினால் மூன்று அடுக்கும் தெரியும். மேல்தோல் வெளிச்சுவர். கூழ் ஆலைக்குப் போகும் சதை நடுச்சுவர். நார் படிந்த கெட்டி ஓடு உட்சுவர். அந்த ஓட்டைப் பிளந்தால் கிடைக்கும் பருப்புதான் விதை. மாங்கொட்டை முழுவதும் விதையல்ல. தருமபுரிப் பக்கம் தட்டி எடுக்கும் புளியிலும் இதே கணக்குதான்: உடைத்துத் தள்ளும் ஓடு வெளிச்சுவர், குழம்பில் கரைப்பது நடுச்சுவர், கொட்டையை ஒட்டிய சவ்வு உட்சுவர். ராகியிலோ கனிச்சுவர் மெல்லிய சவ்வு மட்டுமே, கசக்கினாலே உதிர்ந்துவிடும்.

இத்தனை வடிவங்களுக்கும் பின்னால் இருக்கும் மரபணுக்களில் மேட்ஸ்-பாக்ஸ் குடும்பம் முக்கியமானது. மற்ற மரபணுக்களை முடுக்குவதும் அடக்குவதும் இவற்றின் வேலை. மகரந்தத்தாளையும் சூலகத்தையும் உருவாக்கும் ஆகாமஸ் என்ற மரபணு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் இரட்டித்தது. அதில் ஒரு கிளையில் வந்தவை ஷேட்டர்புரூஃப் என்ற இரண்டு மரபணுக்கள். கடுகின் உறவுச் செடியான அராபிடாப்சிஸில் இவை இரண்டும் செயலிழந்தால் காய் வெடிப்பதே இல்லை என்று 2000இல் மார்ட்டின் யானோஃப்ஸ்கியின் குழு காட்டியது. காயின் இரு ஓரங்களிலும் பிரியும் கோட்டை அமைப்பவை அவைதான். கொல்லையில் முற்றிய கடுகை வெயில் ஏறுமுன் அறுக்கச் சொல்வதும் அந்தக் கோடு பிளந்து மணி சிதறிவிடும் என்பதால்தான்.

ராயக்கோட்டைத் தக்காளியில் அதே கிளையைச் சேர்ந்த டி.ஏ.ஜி.எல்.1 என்ற மரபணு இருக்கிறது. அதை அடக்கிப் பார்த்த ஆய்வுகள் 2009இல் வெளிவந்தன: கனிச்சுவர் மெலிந்தது, பழம் சிவக்காமல் மஞ்சள் கலந்த ஆரஞ்சாகவே நின்றது. ஒரு செடியில் காயை வெடிக்க வைக்கும் மரபணுவின் உறவு, இன்னொன்றில் சதை பிடிக்கவும் பழுக்கவும் வைக்கிறது. தக்காளியின் குடும்பத்தில் காய்ந்து வெடிக்கும் காய்தான் பழைய நிலை. ஊமத்தையும் புகையிலையும் இன்றும் அப்படித்தான் காய்க்கின்றன.