லைசென்ஸ்: உரிமையா, உரிமமா?

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் சரக்கு வாயில். உள்ளே வரும் லாரியின் விவரத்தைப் பதிவதற்கு மேசைமேல் ஒரு கணினி. விசைப்பலகையில் எண்கள் தேய்ந்து போயிருக்கின்றன. மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் அதே நாற்காலியில் உட்காருகிறார்கள். அதிலுள்ள மென்பொருளுக்கு லைசென்ஸ் ஒன்று போதுமா, மூன்று வேண்டுமா?

முதலில் சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் லிசேரே என்றால் 'அனுமதிக்கப்பட்டிருத்தல்'. அதிலிருந்து லிசென்டியா, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து லைசென்ஸ் ஆனது. ஒழுக்கம் கெட்டுத் திரிவதைச் சொல்லும் லைசென்ஷியஸ் என்ற சொல்லும் அதே வயிற்றுப் பிள்ளைதான்!

தமிழில் இது உரிமம். உரிமை என்று எழுதுகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். இரண்டுக்கும் அடி 'உரி'தான். ஆனால் உரிமை நம்முடையது. உரிமம் உடையவர் தருவது. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில் இதைக் கச்சிதமாகச் சொல்கிறது: இன்னொருவருடைய அசையாச் சொத்தில், அவர் இசைவு இல்லாவிட்டால் சட்டவிரோதமாகிவிடும் ஒன்றைச் செய்ய அவர் தரும் அனுமதி, அதனால் சொத்தில் நமக்குப் பங்கு வராது. தருமபுரிப் பக்கத்துக் கிரயப் பத்திரங்களில் 'கிணற்றில் நான்கில் ஒரு பாகப் பாத்தியமும்' என்று எழுதுவார்களே, அந்தப் பாத்தியம் நிலத்தோடு சேர்ந்து பிள்ளைகளுக்குப் போகும். பக்கத்து நிலத்துக்காரர், "இந்தக் கோடைக்கு எங்கள் கிணற்றில் இறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னால் அது உரிமம். மென்பொருளும் இந்த இரண்டாவது வகைதான். காசு கொடுத்தாலும் நிரல் நம்முடையது ஆகாது. அது எழுதியவருடைய, அல்லது எழுதவைத்த நிறுவனத்துடைய சொத்து. நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் வைத்திருக்கிறது. சரக்கு வாயில் மென்பொருளுக்கும் காவியத்துக்கும் ஒரே பந்தி!

இனி ஓசூர்க் கணக்கு. விண்டோஸ் உரிமம் கணினிக்குத் தரப்படுவது. அதில் ஆளுக்கொரு பயனர் கணக்கு திறந்துகொள்ளலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பயன்படுத்தலாம். ஷிப்ட் மாறி மாறி உட்காருகிறவர்களுக்கு இந்தக் 'கணினி உரிமம்' ஒன்றே போதும். வேர்டு, எக்செல் எல்லாம் சந்தாவில் தரும் மைக்ரோசாப்ட் 365 பெரும்பாலும் அப்படியல்ல, அது ஆளுக்குத் தரப்படுவது. மூவரும் பயன்படுத்தினால், கணினி ஒன்றே ஆனாலும், 'ஆள் உரிமம்' மூன்று வேண்டும். ஒரே கடவுச்சொல்லைத் திரைக்கு ஓரமாக ஒட்டிவைத்து மூவரும் நுழைவது சிக்கனமல்ல, விதிமீறல். லினக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் வெளிவரும் ஜிபிஎல் என்ற பொது உரிமமும் உரிமம்தான்; ஆனால் இயக்குவதற்கு அது ஆளையும் எண்ணாது, கணினியையும் எண்ணாது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. இருபது பேருக்கு ஐந்து உரிமம் வாங்குவது. ஐந்து பேர் உள்ளே இருந்தால், ஆறாமவர் யாராவது வெளியேறும்வரை காத்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் கன்கரன்ட் லைசென்ஸ் எனப்படும் இதை 'உடனிகழ் உரிமம்' என்று மொழிபெயர்க்கலாம்; எனக்கு அது நாக்கில் ஒட்டவில்லை. கூட்டுக் கிணற்றில் முறை வைத்து இறைக்கிற ஊர்க்காரன் நான். 'முறை உரிமம்' என்றுதான் எழுதுகிறேன். கிணற்று முறை கிழமை பார்த்து வரும், இதில் முந்தியவருக்கே இடம் என்று நண்பர் ஒருவர் குறை சொன்னார். சரிதான். ஆனால் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஓடிப்போய் மோட்டார் போடுவதில் எங்கள் ஊரிலும் முந்தியவருக்குத்தான் தண்ணீர்.