சோளகம் மலையைத் தாண்டும்போது

ரொறன்ரோவிலிருந்து மச்சாள் தொலைபேசியில் கேட்டாள்: “ஓகஸ்ட்ல நல்லூர்த் திருவிழாவுக்கு வாறம். அப்பிடியே நுவரெலியா, திருகோணமலை, காலி எல்லாம் பாக்கப் போறம். அங்க ஒரே வெக்கைதானே, ஸ்வெற்றர் தேவையில்லைத்தானே?”

ஸ்வெற்றரும் வேண்டும், குடையும் வேண்டும் என்றேன். எந்தக் கரையில் கடல் குளிக்கலாம் என்பதையும் முன்கூட்டியே யோசிக்கச் சொன்னேன். ஒரே மாதத்தில், ஒரே சின்னத் தீவுக்குள் ஏன் இத்தனை வித்தியாசம் என்று அவளுக்கு விளக்கப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் சோளகத்தில் தொடங்குகிறது. வைகாசியில் இருந்து புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து வீசும் இந்தக் காற்றை நம் கடற்றொழிலாளர்கள் நன்றாக அறிவார்கள். இந்து சமுத்திரத்துக்கு மேலாக வெகுதூரம் வருவதால் அதில் நீராவி நிறைந்திருக்கும். ஆனால் நீராவி இருந்தால் மட்டும் மழை பெய்யாது. காற்றை ஏதாவது ஒன்று மேலே தூக்க வேண்டும். தெற்கில் அந்த வேலையை மலைநாடு செய்கிறது. அங்கே பீதுருதாலகால மலை 2524 மீற்றர் உயரம். நம் யாழ்ப்பாணக் குடாநாடோ தட்டையான சுண்ணக்கல் தரை. சோளகம் பனை ஓலைகளைச் சலசலக்க வைத்துவிட்டு அப்படியே கடந்துபோகிறது. நமக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். மேற்குச் சரிவில் வட்டவளைப் பக்கம் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. நமக்கு அதில் கால் பங்கு அளவுதான்.

இனி அந்தக் காற்றோடு நாமும் மலை ஏறுவோம். மேலே போகப்போகக் காற்றமுக்கம் குறையும், காற்று விரியும், விரிவதால் குளிரும். ஈரம் ஒடுங்கித் துளியாகாதவரை 1000 மீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை குறையும். கடல் மட்டத்தில் 28 பாகை செல்சியஸில் புறப்பட்ட காற்று 500 மீற்றரில் 23 பாகைக்கு வருகிறது. அங்கே முகில் கட்டத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீராவி துளியாக மாறும்போது, ஆவியானபோது வாங்கிய வெப்பத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதனால் அதற்கு மேல் காற்று மெதுவாகத்தான் குளிரும், 1000 மீற்றருக்கு 5 பாகை அளவில். 2000 மீற்றர் உச்சியில் 15.5 பாகை. மழை மேற்குச் சரிவிலேயே பெய்து முடிகிறது.

அப்புறம் காற்று கிழக்குப் பக்கம் இறங்குகிறது. ஈரம் போய்விட்டதால் இந்த முறை முழு வழியும் 1000 மீற்றருக்கு 10 பாகை வீதம் சூடேறும். அடிவாரத்துக்கு வரும்போது 35.5 பாகை! புறப்பட்டதை விட ஏழரைப் பாகை அதிகம். வெயில் கொடுத்த சூடு இதில் துளியும் இல்லை. மேற்கில் மழையாகக் கொட்டிய நீர் விட்டுச்சென்ற வெப்பம் இது. நிஜத்தில் கணக்கு இத்தனை நேர்த்தியாக வராது, ஆனால் நடப்பது இதுதான். மட்டக்களப்பில் கச்சான் என்று சொல்லும் அந்த வறண்ட சூட்டுக்காற்று இப்படித்தான் பிறக்கிறது. மலையின் கிழக்குப் பக்கத்து ஊவாத் தேயிலைக்கு ஆடி, ஆவணியில் வரும் தனி மணமும் இந்த உலர்காற்றின் வேலைதான்.

கடலும் இதே விதியைத்தான் பின்பற்றுகிறது. சோளகம் நேரே மோதும் காலிக் கரையில் அந்த மாதங்களில் அலை முரட்டுத்தனமாக இருக்கும், சிறுபிள்ளைகளை இறக்கவே கூடாது. கிழக்கில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளி, பாசிக்குடா போன்ற கரைகள் அமைதியாக இருக்கும். மார்கழியில் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் எல்லாம் தலைகீழ். ஆகவே காலிக்குப் போவதென்றால் கோட்டையைப் பாருங்கள், குளிப்பது நிலாவெளியில்.

நுவரெலியா ஏறத்தாழ 1870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. சராசரியாக 1000 மீற்றருக்கு ஆறரைப் பாகை என்று எடுத்தாலும் கரையை விட 12 பாகை குறைவு. இரவில் ஸ்வெற்றர் இல்லாமல் முடியாது. குளிர்கிறதே என்று தொப்பியைக் கழற்றிவிடாதீர்கள். மேலே காற்று மெலிந்திருப்பதால் முகில் விலகும் நேரத்தில் புறஊதாக் கதிர் கூடுதலாகவே தாக்கும்.

சரி, யாழ்ப்பாண வெக்கைக்கு வருவோம். நம் உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். ஈரப்பதன் கூடிய காற்று அசையாமல் நின்றால் வியர்வை உலராமல் வழிந்துபோகும், பயனில்லை. சோளகம் வீசும் முற்றத்தில், வேப்ப மர நிழலில் இருப்பது, காற்றோட்டமில்லாத அறையில் இருப்பதைவிட எவ்வளவோ சுகம் என்பது அதனால்தான். குளிர்நாட்டில் இருந்து வருபவர்களின் உடம்பு இதற்குப் பழக ஒன்று அல்லது இரண்டு வாரம் எடுக்கும். அதற்குள் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடும், வியர்வை முன்னதாகவே சுரக்கும், வியர்வையோடு போகும் உப்பும் குறையும். தேருக்கு முதல் நாள் விமானத்தில் வந்து இறங்கி, மறுநாள் காலை முதல் வெயிலில் நிற்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது உண்மையிலேயே ஆபத்து.

அதிலும் ஓகஸ்ட் கடைசி வாரத்தில் இன்னொன்று நடக்கிறது. தெற்கு நோக்கித் திரும்பும் சூரியன் நம் 9.7 பாகை அகலக்கோட்டுக்கு நேர் மேலே வருகிறது. நண்பகலில் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். பல ஆண்டுகளில் திருவிழாவின் கடைசி நாட்கள் இந்த நாட்களை ஒட்டியே வரும். கோயில் வீதி மணலில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு அந்தச் சூடு தெரியும்.

மச்சாளின் பயணத்தை இப்படி மாற்றினோம்: கொடியேற்றத்துக்கே வந்து, முதல் வாரம் வீட்டோடு இருந்து, காலையும் மாலையும் மட்டும் கோயில். பிறகு ஏ9 வழியாகக் கண்டி, நுவரெலியா, அங்கிருந்து நிலாவெளி. மலையில் நிற்கும் இரண்டு மூன்று நாளில் பழகிய உடம்பு மறந்துவிடாது. தேருக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். பிள்ளைகளின் பையில் தண்ணீர்ப் போத்தலும் உடம்பு இழக்கும் நீரையும் உப்பையும் ஈடுசெய்யக் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூள் இரண்டு பைக்கற்றும் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.