டர்ட் ஓவல்: மண் நீள்வட்டத் தடம்

அமெரிக்காவில் கார்ப் பந்தயம் நடக்கும் மண் சுற்றுத்தடத்தை 'டர்ட் ஓவல்' என்பார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம். 'டர்ட்' என்றதும் நமக்கு அழுக்குதான் நினைவுக்கு வரும். பழைய நார்ஸ் மொழியில் மலத்தைக் குறித்த 'ட்ரிட்'தான் இதன் வேர். ஆனால் அமெரிக்கப் பேச்சில் அது சாதாரண மண்ணையும் குறிக்கும், தோட்டத்தில் கொத்துவதும் 'டர்ட்', செடித்தொட்டியில் போடுவதும் 'டர்ட்'. ஆகவே 'டர்ட் ட்ராக்' என்றால் தார் போடாத மண் தடம், அவ்வளவுதான். 'ஓவல்' லத்தீனில் முட்டையைக் குறிக்கும் 'ஓவம்' என்ற சொல்லிலிருந்து வந்தது.

இந்த வடிவம் காருக்காக வந்ததில்லை. அமெரிக்கச் சிற்றூர்களில் ஆண்டுதோறும் வேளாண் கண்காட்சி நடக்கும் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்காகப் போட்ட அரை மைல் மண் தடங்கள் இருந்தன, பார்க்கிறவர்கள் உட்கார மேடையும் இருந்தது, கார் வந்ததும் அதே சுற்றில் காரை ஓட்டிப் பார்த்தார்கள். அயோவா மாநிலத்தின் நாக்ஸ்வில் ஊர்த் தடமும் மேரியன் கவுண்டியின் அப்படியொரு கண்காட்சித் திடலில்தான் இருக்கிறது. ஊரில் இன்றும் சுமார் 7,500 பேர்தான். 1954 முதல் அங்கே வாராந்தரப் பந்தயம், 1961 முதல் ஆண்டுக்கொரு முறை 'நாக்ஸ்வில் நேஷனல்ஸ்'. ஸ்ப்ரின்ட் கார் என்பது இப்படிப்பட்ட குட்டைத் தடங்களில் ஓடும் சிறிய, வேகமான பந்தயக் கார். மேலே இறக்கை வைத்த ஸ்ப்ரின்ட் கார்களுக்கு இதைவிடப் பெரிய பந்தயம் கிடையாது, ஓட்டுநர் ஸ்டீவ் கின்சர் மட்டும் அதை 12 முறை வென்றிருக்கிறார். தடத்தின் பக்கத்திலேயே அந்தக் கார்களுக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'புழுதித் தடம்' வேண்டாம். புழுதி பறந்தால் பின்னால் வரும் ஓட்டுநருக்குக் கண் தெரியாது, டயருக்குப் பிடிப்பும் இருக்காது. அதனால்தான் பந்தயத்துக்கு முன் நன்றாகத் தண்ணீர் விட்டு, கார்களையே மெதுவாகச் சுற்றவிட்டு மண்ணை இறுக்குகிறார்கள். நாக்ஸ்வில் மண் நம் கரிசல் மாதிரி கறுத்து, நனைந்தால் ஒட்டுகிற களிமண். அமெரிக்காவில் இந்த வகை மண்ணை 'கம்போ' என்பார்கள். ஆப்பிரிக்க பாண்ட்டு மொழிகளில் வெண்டைக்காய்க்கு இருந்த பெயர் அது, லூசியானாவில் வெண்டைக்காய் போட்ட குழம்புக்குப் பெயராகி, அந்த வழுவழுப்பால் ஒட்டும் மண்ணுக்கும் வந்துவிட்டது.

'ட்ராக்' என்பதற்குத் 'தடம்' கச்சிதமாகப் பொருந்துகிறது, இரண்டு சொல்லுக்குமே கால் பதிந்த சுவடு என்ற பொருளும் உண்டு. 'நீள்வட்டம்' கணக்குப்படி முழுக்கச் சரியில்லை, ஏனென்றால் பெரும்பாலான தடங்கள் இரண்டு நேர்கோடுகளை இரண்டு அரைவட்டங்களால் இணைத்தவை. ஆனாலும் படிக்கிறவருக்கு உடனே உருவம் தெரிகிறது, அது போதும். முழுப்பெயர் மண் நீள்வட்டத் தடம், சுருக்கமாக மண்தடம்.

அப்புறம் இன்னொரு சொல், 'குஷன்'. இரவு ஏற ஏற ஈரம் காய்ந்து நடுத்தடம் வழுக்க ஆரம்பிக்கும், சக்கரங்கள் வாரியெறிந்த உதிரிமண் வெளி ஓரத்தில் மேடாகச் சேரும், துணிந்த ஓட்டுநர்கள் வலது பின்சக்கரத்தை அந்த மேட்டில் சாய்த்து வேகம் எடுப்பார்கள், கொஞ்சம் தாண்டினால் சுவரில்தான் போய் மோத வேண்டும். இதை 'மெத்தை' என்று பெயர்த்தால் ஒன்றும் விளங்காது. வயல் ஓரத்து மண்மேட்டுக்கு நம்மிடம் இருக்கும் 'வரப்பு' என்ற சொல்லையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.